கல்லை எண்ணாமல் ஏறமாட்டோம்!

போன செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்கு, நம் தளத்தின் எட்டு மாடிக் கட்டடத்து மொட்டைமாடியில் ஒரு தம்பி கல் எண்ணிக்கொண்டிருந்தான். திண்டிவனம் பக்கத்துப் பையன். வயது இருபத்திரண்டு, வேலைக்கு வந்து நான்கு மாதம். அவன் எண்ணியது தொங்குமேடையின் பின்கையில் அடுக்கியிருக்கும் எடைக்கற்களை. ஒரு கல் 25 கிலோ. ஒரு பக்கத்துக்கு 20 கல் இருக்க வேண்டும் என்று இரும்புச் சட்டத்தில் பெயிண்டாலேயே எழுதியிருக்கிறது. இடது பக்கம் 20 இருந்தது. வலது பக்கம் 11.

மீதி ஒன்பது எங்கே என்று தேட வெகுநேரம் ஆகவில்லை. நான்கு கல், தார்ப்பாய் பறக்காமல் இருக்க நான்கு மூலையில் உட்கார்ந்திருந்தன. மூன்று கல் ஒரு டிரம்முக்கு முட்டு. இரண்டை யாரோ படியாகப் போட்டுத் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறியிருக்கிறார்கள். எடுத்தது வேறு யாருமில்லை, நம்மில் யாரோதான். கனமாக ஒன்று வேண்டியிருந்தது, கைக்கெட்டும் தூரத்தில் கனமாக ஒன்று கிடந்தது. அதன் மறுமுனையில் இரண்டு பேர் எண்பது அடி உயரத்தில் பெயிண்ட் வாளியோடு தொங்கப்போகிறார்கள் என்பது அந்த நேரத்தில் எவருக்கும் தோன்றியிருக்காது.

தம்பி இறங்கிவந்து சூப்பர்வைசரிடம் சொன்னான். கிடைத்த பதில்: "நேத்து இதே கல்லுலதானடா ஓடுச்சு? இன்னிக்கு மட்டும் என்ன வந்துச்சு?" ஏறமாட்டேன் என்றான். "இஷ்டமில்லன்னா போ. கேட்டுக்கு வெளிய நூறு பேரு நிக்கிறான்." ஒன்பது மணிக்குக் கேட் பாஸைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். ஒன்பதே காலுக்கு வேறு இரண்டு பேர் அதே மேடையில் ஏறினார்கள். அப்போதும் கல் பதினொன்றுதான். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் யாரோ மனசு கேட்காமல் மிச்சக் கற்களைத் தூக்கிக்கொண்டு போய் வைத்திருக்கிறார்கள்.

ஏறிய அந்த இருவரைத் திட்டுவதற்கு நான் இதை எழுதவில்லை. ஒருவருக்கு இந்த மாதம் மகளின் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டும். இன்னொருவர் ஒடிசாவிலிருந்து வந்து பதினெட்டு நாள்தான் ஆகிறது. ஏறாமல் நின்றால் வேலையோடு இரவு படுக்கும் ஷெட்டும் போய்விடும். தம்பி தனியாக நின்றான், வேலை போனது. இவர்களுக்குத் தனியாக நிற்க வழியில்லை, ஏறிவிட்டார்கள். மூன்று பேரையும் அன்று தனித்தனியாக விட்டது நாம்தான். முந்நூறு பேர் வேலை செய்யும் தளத்தில் அன்று காலை அந்த மூவரின் பக்கத்தில் ஒருவர்கூடப் போய் நிற்கவில்லை. நானும் அங்கேதான் இருந்தேன், கிடங்குப் பக்கம் வண்டிக்கு டீசல் ஊற்றிக்கொண்டு.

"நேத்து ஓடுச்சே" என்கிற பேச்சுக்கு முதலில் பதில் சொல்லிவிடுவோம். மேடை தொங்குவது தராசுக் கணக்கில். மாடி விளிம்பைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முன்கை நாலைந்து அடி. உள்ளே படுத்திருக்கும் பின்கை பதினைந்து அடி. அந்த நீளத்தின் பலத்தில்தான் பின்னால் இருக்கும் 500 கிலோ கல், முன்னால் தொங்குகிற இரும்பையும் ஆளையும் வாளியையும் தேவைக்கு மேல் இரண்டு மூன்று மடங்காகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்தத் தேவைக்கு மேலான பங்கு சும்மா அழகுக்கு வைத்ததா? ஒன்பது கல்லை எடுத்தால் மேடை அன்றைக்கே கவிழாது. பிடிமானத்தில் ஏறக்குறைய பாதி போயிருக்கும், பார்த்தால் ஒன்றும் தெரியாது. மேலே ஏறும்போது மேடையின் முனை ஒரு சன்ஷேடில் மாட்டிக்கொள்கிறது, மோட்டார் விடாமல் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது கம்பிவடத்தில் விழும் இழுவை மேடையின் எடையை எங்கேயோ தாண்டிவிடும். அந்த நொடிக்குத்தான் அந்த ஒன்பது கல். நேற்று மாட்டவில்லை, ஓடியது.

கல் சரியாக இருந்தாலும் போதாது. மேடை அறுந்தே விழுந்தாலும் நம்மைப் பிடித்துக்கொள்ள ஒரு தனிக் கயிறு வேண்டும். மேடையோடு எந்த ஒட்டும் உறவும் இல்லாமல், கட்டடத்தின் உறுதியான தூணில் கட்டி, தலைக்கு மேலிருந்து தரைவரை தொங்கும் கயிறு. ஆளுக்கு ஒன்று. பெல்ட்டின் ஹூக்கை மேடைக் கம்பியில் மாட்டிக்கொண்டு "பெல்ட் போட்டுட்டேன் சார்" என்று சொல்லும் தோழர்களே, மேடை விழுந்தால் அந்த பெல்ட் உங்களையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு போகும். பெல்ட் என்று நான் சொல்வது தோள், தொடை, முதுகு எல்லாவற்றையும் சுற்றி வரும் முழு உடல் பெல்ட். இடுப்பில் மட்டும் கட்டும் பழைய பட்டையில் விழுந்து தொங்கினால் அதுவே முதுகையும் குடலையும் நொறுக்கிவிடும்.

இது எங்கே நடக்கப்போகிறது என்று நினைக்காதீர்கள். நடந்திருக்கிறது. அதுவும் நம் சனம் ஆயிரக்கணக்கில் வாழும் டொராண்டோவில். 2009 டிசம்பர் 24, கிறிஸ்துமசுக்கு முந்தைய நாள். கிப்ளிங் அவென்யூவில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு, பால்கனி கான்கிரீட் பழுதுபார்க்கும் வேலை. மாலை நாலரை மணி, வேலை முடிந்து இறங்கும் நேரம். பதின்மூன்றாவது மாடி உயரத்தில் ஆறு தொழிலாளர்கள் ஒரே தொங்குமேடையில் ஏறினார்கள். வழக்கமாக அதில் இரண்டு பேர்தான் நிற்பார்கள். தனிக் கயிறும் இரண்டுதான் இருந்தது. மேடை நட்டநடுவில் இரண்டாகப் பிளந்தது. ஐந்து பேர் தரையில் போய் விழுந்தார்கள். நான்கு பேர் செத்தார்கள், ஐந்தாமவர் படுகாயத்தோடு பிழைத்தார். ஆறாமவர் பெல்ட்டைத் தனிக் கயிற்றில் முறையாக மாட்டியிருந்தார். அவர் மட்டும் ஒரு கீறலும் இல்லாமல் அந்தரத்தில் தொங்கினார்.

பின்னால் கோர்ட்டில் வெளிவந்ததைக் கேளுங்கள். மேடையின் வெல்டிங் கோளாறானது. எத்தனை கிலோ தாங்கும் என்று சொல்லும் தகடோ, வரிசை எண்ணோ, கையேடோ அந்த மேடைக்கு இல்லை. டிசம்பர் 31-க்குள் வேலையை முடித்தால் கம்பெனிக்கு 50,000 டாலர் போனஸ் என்று ஒப்பந்தம் இருந்தது. திட்ட மேலாளர், கயிறு எங்கே என்று தளத்துப் பொறுப்பாளரைக் கேட்டிருக்கிறார். கவலைப்படாதே என்று பதில் வந்திருக்கிறது. அந்தப் பதிலை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டார். பதில் சொன்ன பொறுப்பாளரும் அதே மேடையில் ஏறி, செத்த நால்வரில் ஒருவரானார். கம்பெனிக்கு முதலில் 2 லட்சம் டாலர் அபராதம். 2013-இல் மேல்முறையீட்டில் அது 7.5 லட்சமானது. திட்ட மேலாளருக்கு 2016-இல் மூன்றரை ஆண்டு சிறைத் தண்டனை விதித்தார்கள். தொழிலாளி செத்ததற்கு ஒரு மேலாளர் ஜெயிலுக்குப் போனார் என்பது சாதாரணச் செய்தி இல்லை. அதற்குப் பின்னால் அங்கிருந்த தொழிற்சங்கங்களின் பல வருடக் குரல் இருக்கிறது.

இதில் என்னை உறுத்துவது வேறொன்று. ஆபத்தான வேலையைச் செய்ய மறுக்கும் உரிமை டொராண்டோ இருக்கும் மாகாணத்துத் தொழிலாளிக்கு 1970-களின் கடைசியிலேயே சட்டத்தில் எழுதப்பட்டுவிட்டது. முப்பது வருடச் சட்டம். அது இருக்கும்போதே ஆறு பேர் இரண்டு கயிறு உள்ள மேடையில் ஏறினார்கள். வெளிநாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள், பண்டிகைக்கு முந்தைய சாயங்காலம், வீட்டுக்குப் போகும் அவசரம். மறுக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. மறுக்கிறவனுக்குப் பக்கத்தில் வந்து நிற்கச் சட்டத்துக்குக் கால் கிடையாது.

இனி பூம் லிப்ட், நீளக் கையின் முனையில் கூடை வைத்த வண்டி. நான் பதினோரு வருடம் ஓட்டிய வண்டி, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கூடையில் காலடியில் ஒரு மிதி இருக்கிறதே, அதை அழுத்தினால்தான் கை அசையும். நாள் பூராவும் மிதித்தால் கால் மரத்துப்போகும். அதனால் என்ன செய்கிறோம்? கட்டுக்கம்பியால் மிதியை அழுத்திக் கட்டிவிடுகிறோம். யாரையும் குறை சொல்லவில்லை, நானே கட்டியிருக்கிறேன். ஒரு கிடங்கில் கூரைக்கு அடியில் கூடையை ஏற்றிக்கொண்டே, பக்கவாட்டில் பர்லினைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே பீம் வந்ததை ஹெல்மெட் மோதியபோதுதான் உணர்ந்தேன். குனிந்தேன். குனிந்த நெஞ்சு நேராக லீவர் மேல் போய் விழுந்தது. லீவர் அமுங்கியது, மிதி கம்பியில் கட்டிக் கிடந்தது, கூடை ஏறிக்கொண்டே போனது. முதுகில் பீம், நெஞ்சில் பேனல். கத்த மூச்சு இல்லை. மிதியைக் கட்டாமல் விட்டிருந்தால் கால் தூக்கிய மறுகணமே வண்டி நின்றிருக்கும். அந்த மிதியை வைத்ததே அதற்காகத்தான்.

நான் இன்று இதை எழுதுகிறேன் என்றால், கீழே நின்ற ஒரு தோழர் சக்கரத்துக்கு மேலே இருக்கும் சிவப்புப் பொத்தானை ஓடிவந்து அடித்ததால். பிறகு கீழ் பேனலில் இருந்தே கூடையை இறக்கினார். அவருக்கு அந்தப் பொத்தான் இருக்கும் இடம் தெரிந்திருந்தது. இன்றைக்கு நம் தளத்தில் நான்கு பூம் லிப்ட் ஓடுகின்றன. கீழே நிற்கும் உதவியாளரைக் கூப்பிட்டு, மேலே இருப்பவன் மயங்கிவிட்டால் எப்படி இறக்குவாய் என்று கேட்டுப் பாருங்கள். சனிக்கிழமை நான் நான்கு வண்டிக்கும் போய்க் கேட்டேன். ஒருவருக்குத் தெரிந்திருந்தது. ஒரு வண்டிக்குக் கீழே ஆளே இல்லை, டீ வாங்க அனுப்பியிருந்தார்கள்.

தரையையும் பாருங்கள். கேபிள் போடத் தோண்டி, மண்ணைத் தள்ளி மூடிய பள்ளம் மேலே பார்த்தால் சிமெண்ட் தரை மாதிரித்தான் இருக்கும். ஒரு மழைக்குப் பிறகு அதன் மேல் சக்கரம் ஏறினால் நாலு விரல்கடை இறங்கும். கீழே நாலு விரல்கடை என்றால் மேலே கூடை பல அடி ஆடும். உள்ளே நிற்பவனை உண்டிவில்லில் வைத்த கல்லைப் போல வெளியே வீசிவிடும். சுற்றிலும் கைப்பிடி இருக்கிற கூடைக்குள் எதற்கு பெல்ட் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். குட்டைக் கயிறாக, கூடையில் அதற்கென்று இருக்கும் வளையத்தில் மாட்ட வேண்டும். தொங்குமேடைக்குச் சொன்னது இங்கே தலைகீழ்: கட்டடத்துப் பீமில் மாட்டினால் கூடை நகரும்போது உங்களைப் பிய்த்து எடுத்துவிடும். இரண்டு வண்டிக்கும் ஒரே பாடத்தை ஒப்பிக்கும் சேஃப்டி வகுப்பில் இந்த வித்தியாசத்தைச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

கூடை முப்பத்து மூன்று அடி உயரத்தில்தான் இருக்கிறது என்றாலும், அங்கிருந்து விழ ஒன்றரை நொடிகூட ஆகாது. தரையில் மோதும்போது வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர். பஸ்ஸில் அடிபடுவதும் இதுவும் ஒன்றுதான்.

கேட் ஓரம் போகும் 11 கே.வி. லைனைப் பற்றி ஒரே வார்த்தை: கூடையின் எந்த மூலையும், கையில் பிடித்த பைப்பும் சேர்த்து, பத்து அடிக்கு உள்ளே போகவே கூடாது. வண்டி முழுக்க இரும்பு. லைன் ஆஃப் என்று எவர் சொன்னாலும் எழுத்தில் பார்க்காமல் நம்பாதீர்கள்.

சிசர் லிப்ட்டைப் பற்றி நம் தளத்தில் ஓர் அலட்சியம் இருக்கிறது, "அது சும்மா மேலயும் கீழயும் போறது" என்று. கிடங்குக்குள் ஓட்டவென்றே செய்த மின்சார வண்டியை வெளியே காற்றில் நிறுத்தி ஃபாசியா அடிக்கிறார்கள். காற்று என்ன செய்யும் என்று கேளுங்கள். அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்தில் நோட்ர டேம் பல்கலைக்கழகம். 2010 அக்டோபர் 27. அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியைப் படமெடுக்க, இருபது வயது மாணவர் ஒருவரை உயர்த்திய சிசர் லிப்ட்டில் நிறுத்தினார்கள். மணிக்கு 50 மைலுக்கு மேல் காற்று. லிப்ட் அப்படியே சாய்ந்தது, மாணவர் செத்தார். ஏறுவதற்கு முன்பே, காற்றைப் பார்த்தால் பயமாக இருக்கிறது என்று நண்பர்கள் படிக்க இணையத்தில் எழுதியிருந்தார். மேலே நின்றுகொண்டும் எழுதினார். பல்கலைக்கழகத்துப் பிள்ளை. இங்கிலீஷ் தெரியும், கேட்க உரிமை உண்டு என்று தெரியும். இறங்கிவிடுகிறேன் என்று சொல்ல மட்டும் முடியவில்லை. அப்படியிருக்க, ஒடிசாவிலிருந்து வந்து பதினெட்டு நாள் ஆனவர் சொல்லிவிடுவாரா?

சட்டம் நமக்கு என்ன வைத்திருக்கிறது? தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2020-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அந்தத் தொகுப்பை எதிர்த்து வீதியில் நின்றவர்கள் நாம், அந்த எதிர்ப்பில் ஒரு எழுத்தும் மாறவில்லை. ஆனாலும் அதன் 14-ஆம் பிரிவு நம் கையில் இருக்கிறது: உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாக அஞ்சும் தொழிலாளி அதை முதலாளிக்கும், அதே சமயம் அரசு ஆய்வாளருக்கும் தெரிவிக்கலாம். ஆபத்து உண்மை என்று கண்டால் முதலாளி உடனே சரிசெய்து அறிக்கை அனுப்ப வேண்டும். தம்பி செய்தது இதில் முதல் பாதி. இரண்டாம் பாதியான ஆய்வாளருக்கு எழுதும் கடிதத்தை நாம் எழுத வேண்டும். வாயால் சொன்னதைச் சொல்லவே இல்லை என்பார்கள், ஆகவே தேதி, நேரம், வண்டி எண், போட்டோ எல்லாம் வேண்டும். கட்டுமானத் தளத்தில் 250 பேரோ அதற்கு மேலோ இருந்தால் சேஃப்டி ஆபீசர் வைக்க வேண்டும் என்றும் அதே தொகுப்பு சொல்கிறது. நாம் முந்நூறு பேர். ஆனால் ஏட்டில் எட்டு ஒப்பந்ததாரர்கள், ஆளுக்கு நாற்பது பேருக்குள். எந்த ஏட்டிலும் 250 வராது. இந்தக் கணக்கை யார் போட்டுக் கொடுத்தார்களோ, கெட்டிக்காரர்கள்தான்.

சதுரடிக் கூலிக்கு வேலை செய்யும் தோழர்கள் என்னிடம் கேட்டார்கள்: "கல்லு எண்ணி, கயிறு பார்த்து, தரை தட்டிப் பார்த்து ஏறினா அரை மணி போயிடும் அண்ணே, அந்தக் கூலியை யாரு தருவா?" நியாயமான கேள்வி. அந்த அரை மணி நேரத்துக்குக் கூலி கேட்கிறோம். அதுதான் நம் முதல் கோரிக்கை, பாதுகாப்பு போஸ்டர் வேண்டும் என்பதல்ல. கூலி கொடுக்காத சோதனையை எவனும் செய்யமாட்டான். தம்பியைக் கேட் பாஸோடு, போன நாட்களின் கூலியோடு திரும்ப எடுக்க வேண்டும். எடைக்கற்களைச் சங்கிலி போட்டுப் பூட்ட வேண்டும், சாவி ஏறுகிறவர் கையில் இருக்க வேண்டும். மேடையில் எத்தனை பேரோ அத்தனை தனிக் கயிறு. ஓடும் ஒவ்வொரு வண்டிக்கும் கீழே, இறக்கத் தெரிந்த ஓர் ஆள். அவரை டீக்கு அனுப்பக் கூடாது. பெல்ட்டில் தொங்குகிறவரை சில நிமிடங்களில் இறக்காவிட்டால் தொடைப்பட்டை இறுக்கி ரத்தம் காலிலேயே தேங்கி மயக்கம் வரும், உயிரும் போகலாம். அவரை எப்படி, யார் இறக்குவது என்பதை ஏறுவதற்கு முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். அதோடு, மேடைக்கு நேர் கீழே தடுப்பு கட்ட வேண்டும். மேலிருந்து ஒரு ஸ்பானர் நழுவினால் முதலில் வாங்குவது கீழே கலவை கூட்டும் அக்காக்களின் தலை.

இதையெல்லாம் ஒருவர் கேட்டால் கேட் பாஸ் போகும். நான்கு பேர் கேட்டால் நான்கு கேட் பாஸ். முந்நூறு கேட் பாஸை ஒரே நாளில் வாங்கிக்கொண்டு, கேட்டுக்கு வெளியே நிற்கிறதாகச் சொல்லும் அந்த நூறு பேரை வைத்து வேலையை முடிக்கட்டும், பார்ப்போம். அந்த நூறு பேரிடமும் நாம் பேசுவோம், அவர்களும் நாளைக்கு இதே மேடையில் ஏறப்போகிறவர்கள்.

வடநாட்டுத் தோழர்களை ஒதுக்கிவிட்டு இதைச் செய்ய முடியாது. தொங்குமேடையை அவர்கள் ஜூலா என்கிறார்கள், அதில் பாதிக்கு மேல் ஏறுவது அவர்கள்தான். இந்த அறைகூவலை இந்தியிலும் ஒடியாவிலும் வாயாலேயே சொல்ல ஒவ்வொரு ஷெட்டுக்கும் இரண்டு பேர் ஞாயிற்றுக்கிழமை இரவு போக வேண்டும். நமக்கு வேண்டிய இந்தி மூன்றே வார்த்தை: ஹம் நஹீன் சடேங்கே. நாங்கள் ஏறமாட்டோம்.

திங்கட்கிழமை காலை ஏழு மணி, இரண்டாம் கேட். யாரும் பஞ்ச் வைக்காமல் வெளியே கூடுகிறோம். தம்பியும் வருகிறான். அவனுடைய போட்டோவும், ஆய்வாளருக்கான கடிதமும் என்னிடம் தயாராக இருக்கின்றன. கையெழுத்துப் போட முடியாதவர்கள் கைநாட்டு வைக்கலாம், மை நான் கொண்டுவருகிறேன். ஆளுக்கு ஒரு பெல்ட் எடுத்து வாருங்கள். தையல் விட்டது, ஹூக் துருப்பிடித்தது, வெயிலில் வெளுத்தது, எல்லாவற்றையும் கேட்டுக்கு முன்னால் ஒரே குவியலாகப் போடுவோம்.